இரண்டாவது உலோகம் எங்கே இருக்கிறது? இரு உலோகக் கார்பீன்களின் வினைத்திறன் குறித்து ஒரு பதில்

ஆய்வைத் தொடங்கவிருக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது: இரண்டு வெவ்வேறு இடைநிலை உலோகங்களைக் கொண்ட கார்பீன் அணைவுச் சேர்மங்கள் (கார்பன் அணு ஒன்று உலோகத்தோடு இரட்டைப் பிணைப்பில் நிற்பவை) எப்படி வினைபுரியும்? ஃபிஷர் வகை, ஷ்ராக் வகை என்று பாடப்புத்தகத்தில் படித்ததை வைத்தே அதை முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா? இரும்பும் டங்ஸ்டனும் சேர்ந்த ஒரு சேர்மத்தை அவருக்குப் பரிந்துரைத்திருக்கிறார்களாம். கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கவலைகள் தெரிகின்றன. இரண்டாவது உலோகம் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது ஆய்வுக் கட்டுரைக்கு அலங்காரமா என்பது ஒன்று. வினைப்பொருளை ஊற்றினால் அது எந்த அணுவில் போய் ஒட்டும் என்பது மற்றொன்று. காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் கரிம உலோகச் சேர்மங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் செய்முறை வேதியியலாளன். கணிப்பொறிக் கணக்கீடுகளைப் படித்துப் புரிந்துகொள்வேனே தவிர, அவற்றின் நுணுக்கங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டேன்.

எந்த இரண்டு உலோகங்கள் என்பதைவிட, கார்பீன் கார்பனிலிருந்து இரண்டாவது உலோகம் எங்கே இருக்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். அது தூரத்தில் ஒரு பதிலியின் (கார்பீன் கார்பனில் ஒட்டியிருக்கும் பக்கத் தொகுதியின்) வழியாகத் தொங்கிக்கொண்டிருக்கலாம். கார்பீன் கார்பனோடு இணைந்த ஆக்சிஜனில் அமர்ந்திருக்கலாம். கார்பனையே முதல் உலோகத்தோடு பங்குபோட்டுக்கொண்டு பாலமாக நிற்கலாம். ஒரு கணம் மட்டும் வந்து கார்பீனைப் பறித்துக்கொண்டும் போகலாம். இந்த நான்கையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிடுகிறார்கள். புதியவர்கள் குழம்புவதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். 1964-இல் மியூனிக்கில் ஃபிஷரும் மாஸ்பியோலும் டங்ஸ்டன் ஹெக்சாகார்பனைலோடு கரிம லித்தியத்தை வினைபுரியச் செய்து முதல் கார்பீன் அணைவுகளைத் தெளிவாக இனங்கண்டார்கள். அவ்வகையில் உலோகம் தாழ்ந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும். கார்பனைல்கள் (உலோகத்தோடு இணைந்த கார்பன் மோனாக்சைடுகள்) அதன் எலக்ட்ரான்களை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் கார்பீன் கார்பன் எலக்ட்ரானுக்குப் பசித்திருக்கும். கருக்கவர் பொருள்கள், அதாவது எலக்ட்ரான் இணையைத் தரக்கூடியவை, அங்கேதான் தாக்கும். 1974-இல் ஷ்ராக் வெளியிட்ட டாண்டலம் சேர்மத்தில் நிலைமை தலைகீழ்: உலோகம் உயர்ந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது, கார்பனே கருக்கவர் பண்பைக் காட்டுகிறது. இவை இரண்டும் ஒரு கோட்டின் இரு முனைகள். இரு உலோகச் சேர்மங்களில் பல, கோட்டின் நடுவில் எங்கோ கிடக்கின்றன. சிலவற்றை அந்தக் கோட்டில் வைக்கவே முடியாது.

முதல் நிலைமை, இரண்டாவது உலோகம் பதிலியாகத் தொங்குவது. கேள்வி கேட்டவரின் இரும்பு–டங்ஸ்டன் சேர்மம் அநேகமாக இந்த வகைதான்: பென்டாகார்பனைல் டங்ஸ்டனோடு இணைந்த கார்பீன் கார்பனில் ஒரு பக்கம் ஆல்காக்சித் தொகுதி, மறுபக்கம் ஃபெரோசீனைல், அதாவது இரு ஐங்கார்பன் வளையங்களுக்கு நடுவே இரும்பு அமர்ந்த தொகுதி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய உண்டு. ஃபெரோசீனைல் வலுவான எலக்ட்ரான் வழங்கி. பக்கத்தில் உள்ள நேர்மின் கார்பனை நன்றாகவே தாங்கிப்பிடிக்கும். ஆகவே கார்பீன் கார்பனின் பசி ஓரளவு அடங்குகிறது. அமீனைச் சேர்த்து ஆல்காக்சியை அமினோவாக மாற்றும் வினை, ஃபீனைல் உள்ள ஒத்த சேர்மத்தைவிட மெதுவாக நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். கார்பனைல் அதிர்வெண்களும் சற்றுக் கீழே இறங்கும். ஃபெரோசீனைலை எடுத்துவிட்டு டிரைகார்பனைல் குரோமியம் பொருந்திய அரீன் வளையத்தை வைத்தால் எல்லாம் எதிர்த்திசையில் திரும்பும். அந்தக் குரோமியத் துண்டின் இழுப்பு, வளையத்தில் ஒரு நைட்ரோ தொகுதி இருப்பதற்கு ஈடானது என்று சொல்வது வழக்கம்.

உலோகத் துண்டு ஒன்று எவ்வளவு வலுவாக இழுக்கும் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். பென்டாகார்பனைல் குரோமியத்தின் மெத்தாக்சி மெத்தில் கார்பீனில் உள்ள மெத்தில் ஹைட்ரஜனின் பி.கே.ஏ. மதிப்பை (அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) டெட்ராஹைட்ரோஃபியூரானில் சுமார் 8 என்று கேஸியும் ஆண்டர்சனும் 1974-இல் மதிப்பிட்டார்கள். பின்னர் நீர் கலந்த அசிட்டோநைட்ரைலில் அளந்தபோது அது சுமார் 12 என்று வந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், சாதாரண எஸ்டரின் ஆல்ஃபா ஹைட்ரஜனோடு ஒப்பிடுகையில் இது பத்துக்கும் மேற்பட்ட படிகள் அதிக அமிலத்தன்மை. மற்றொன்று, 1983-இல் வுல்ஃப் குழு காட்டியது: குரோமியத்தின் ஆல்கீனைல் கார்பீன்கள், டையீனோடு வளையமாகச் சேரும் டீல்ஸ்–ஆல்டர் வினையில் ஒத்த எஸ்டரான மெத்தில் அக்ரிலேட்டைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் வினைபுரிந்தன. இவ்வளவு பெரிய விளைவு முதல் உலோகத்திடமிருந்தே வருகிறது. தூரத்தில் தொங்கும் இரண்டாவது உலோகம் இதைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். வினையின் போக்கையே மாற்றுவது அரிது. இந்த வகையைப் பற்றிய கட்டுரைகளில் ‘கூட்டுச் செயல்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் எழும். பெரும்பாலும் அது பதிலி விளைவுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் அதன் பெயரைச் சொல்லி எழுதலாம்.

இந்த வகையில் ஐயத்துக்குரிய ஒரு பகுதியும் உண்டு: ஆக்சிஜனேற்றம். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சுழற்சி வோல்ட் அளவியலில் முதலில் தெரியும் அலையைப் பார்த்தவுடன், இது ஃபெரோசீன், அடுத்தது டங்ஸ்டன் என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. இரண்டு உலோகங்களும் ஒரு கார்பீன் வழியாகப் பேசிக்கொள்ளும்போது, இழக்கப்பட்ட எலக்ட்ரான் ஒரே உலோகத்துக்குச் சொந்தமானது என்று சொல்ல அலையின் இடம் மட்டும் போதாது. மின்முனையில் ஆக்சிஜனேற்றம் நடக்கும்போதே அகச்சிவப்பு நிறமாலையை எடுக்க வேண்டும். கார்பனைல் பட்டைகள் அதிகமாக மேலே நகர்ந்தால் எலக்ட்ரான் கார்பனைல் பக்கத்து உலோகத்திலிருந்து போயிருக்கிறது; சிறிதளவே நகர்ந்தால் மறுபக்கத்திலிருந்து. இடைப்பட்ட நகர்வுகளும் வரும். அப்போது எலக்ட்ரான் இரண்டுக்கும் பொதுவானது என்றே எழுதுவதுதான் நேர்மை.

இரண்டாவது நிலைமை, ஆக்சிஜன் வழியாக இணைவது. இடைநிலை உலோகங்களில் தனிம அட்டவணையின் இடப்பக்கம் நிற்கும் சிர்கோனியம், டைட்டானியம் போன்றவற்றுக்கு ஆக்சிஜன் மீது தீராத ஆசை. 1980-ஐ ஒட்டி பெர்க்காவும் வோல்சான்ஸ்கியும், பெர்மெத்தில் சிர்கோனோசீன் டைஹைட்ரைடு டங்ஸ்டனோசீன் கார்பனைலோடு வினைபுரிந்து ‘சிர்கோனாக்சி கார்பீன்’ தருவதைக் காட்டினார்கள். சிர்கோனியத்தின் ஹைட்ரைடு, டங்ஸ்டனில் இருந்த கார்பன் மோனாக்சைடின் கார்பனுக்குப் போகிறது. ஆக்சிஜனைச் சிர்கோனியம் பிடித்துக்கொள்கிறது. ஒரு கார்பனைல் இப்படிக் கார்பீனாக மாறுவதற்கு இரண்டு உலோகங்களும் தேவை. ஒன்று மட்டும் இருந்தால் நடக்காது. எர்க்கர் குழு பியூட்டாடையீன் சிர்கோனோசீனை உலோகக் கார்பனைல்களோடு சேர்த்து இதே கருத்தை வளையச் சேர்மங்களாக விரிவுபடுத்தியது. கார்பன் மோனாக்சைடை ஹைட்ரோகார்பனாக்கும் ஃபிஷர்–டிராப்ஷ் முறைக்கு இது மாதிரி என்று அப்போது உற்சாகமாகப் பேசப்பட்டது. கரைசலில் நடக்கும் ஒரு படி, உலோகப் பரப்பில் நடப்பதை நிரூபிக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வினைத்திறனைப் பொறுத்தவரை இவை சாதாரண மெத்தாக்சிக் கார்பீனைவிட கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு கொண்ட அசைல் அணைவின் பக்கம் சாய்ந்தவை. ஈரம் பட்டால் முதலில் உடைவது சிர்கோனியம்–ஆக்சிஜன் பிணைப்பு.

உண்மையான சுவாரசியம் மூன்றாவது நிலைமையில் இருக்கிறது. கார்பீன் கார்பன் இரண்டு உலோகங்களையும் நேரடியாகத் தொடும் பாலக் கார்பீன்கள். பிரிஸ்டலில் கோர்டன் ஸ்டோன் 1970-களின் பிற்பகுதியிலிருந்து இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். அவருடைய சிந்தனை எளிமையானது. டங்ஸ்டனுக்கும் கார்பனுக்கும் இடையிலான இரட்டைப் பிணைப்பு ஒரு ஆல்கீனைப் போன்றது என்றால், ஆல்கீன்களோடு ஒட்டும் பூச்சிய நிலைப் பிளாட்டினம் இதோடும் ஒட்ட வேண்டுமல்லவா? ஒட்டியது. எத்திலீனைத் தளர்வாகப் பிடித்திருக்கும் பிளாட்டினம் சேர்மத்தை, டங்ஸ்டனின் மெத்தாக்சி ஃபீனைல் கார்பீனோடு கலந்தால், எத்திலீன் வெளியேறி டங்ஸ்டன், பிளாட்டினம், கார்பன் மூன்றும் சேர்ந்த முக்கோணம் கிடைக்கிறது. டங்ஸ்டன்–கார்பன் முப்பிணைப்பு உள்ள கார்பைன்களோடும் இதுபோலவே. இதற்குப் பின்னால் இருப்பது ஹாஃப்மனின் ஐசோலோபல் ஒப்புமை: எல்லை ஆர்பிட்டால்கள் ஒத்திருக்கும் துண்டுகள் ஒன்றுபோலப் பிணையும் என்பது. 1981-ஆம் ஆண்டு நோபல் உரையை அவர் இந்தக் கருத்தைச் சுற்றித்தான் அமைத்தார். பிளாட்டினத்தின் இரு ஃபாஸ்ஃபீன் துண்டு, எல்லை ஆர்பிட்டால்களின் வடிவில் ஒரு மெத்திலீனுக்கு நிகரானது. அப்படிப் பார்த்தால் அந்த முக்கோணம், இரண்டு மூலைகளில் உலோகம் வைத்த சைக்ளோபுரொப்பேன்.

இந்த முக்கோணத்தின் வினைத்திறன் அதன் தாய்ச் சேர்மங்கள் இரண்டிலிருந்தும் விலகியது. ஒரே உலோகத்தோடு முனையில் நிற்கும் ஃபிஷர் கார்பீனில் கருக்கவர் பொருள்கள் கார்பனைத் தேடி ஓடும். பாலக் கார்பீனில் அந்தக் கார்பன் ஏறத்தாழ நிறைவுற்றுவிட்டது, பசி தணிந்துவிட்டது. அதற்குப் பதிலாக உலோகம்–உலோகப் பிணைப்பும் பிளாட்டினத்தின் காலி இடமும் வினைக்கு வருகின்றன. மெத்தாக்சித் தொகுதியை மெத்திலேற்றும் காரணியால் பிடுங்கியெடுத்தால், நேர்மின் சுமை கொண்ட பாலக் கார்பைன் கிடைக்கும். அந்த நேர்மின்னை இரண்டு உலோகங்கள் பகிர்ந்து தாங்குவதால் அது பிழைத்திருக்கிறது. ஆல்கைன்கள் உலோகத்தோடு ஒட்டி, பிறகு பாலக் கார்பனோடு இணைந்து மூன்று கார்பன் சங்கிலியாக இரு உலோகங்களையும் தழுவி நிற்கும் வினைகளும் இந்தக் குடும்பத்தில் பரவலாகக் காணப்படுகின்றன. ஓர் எச்சரிக்கை: வெவ்வேறு உலோகங்கள் என்பதால் பாலம் நடுவில் நிற்பதில்லை. ஒரு பக்கம் சாயும். சாய்வு அதிகமானால் ‘பாலம்’ என்ற வார்த்தையே சம்பிரதாயமாகிவிடும்.

பாலம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படிக அமைப்பு கிடைத்தால் நல்லது, ஆனால் படிகத்தில் இருப்பதே கரைசலிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கார்பன்-13 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அதைவிடப் பயனுள்ளது. முனையில் நிற்கும் ஆல்காக்சிக் கார்பீன் கார்பன், குரோமியத்தில் சுமார் 350 பிபிஎம்மிலும் டங்ஸ்டனில் சுமார் 320 பிபிஎம்மிலும் வரும். உலோகம்–உலோகப் பிணைப்போடு கூடிய பாலமாக மாறினால், பெரும்பாலும் 200-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடும். பிளாட்டினம்–டங்ஸ்டன் இணைக்கு இன்னொரு வரமும் உண்டு. இயற்கைப் பிளாட்டினத்தில் சுமார் 34 விழுக்காடு பிளாட்டினம்-195. டங்ஸ்டனில் சுமார் 14 விழுக்காடு டங்ஸ்டன்-183. இரண்டுக்கும் அணுக்கருச் சுழற்சி அரை. எனவே கார்பீன் உச்சியின் இருபுறமும் இரண்டு ஜோடித் துணை உச்சிகள் தெரிந்து, அவற்றின் பிரிவு ஒரு பிணைப்புத் தூரத்துக்கு உரிய அளவில் பெரிதாக இருந்தால், கார்பன் இரண்டு உலோகங்களையும் தொடுகிறது என்று கரைசலிலேயே துணிந்து சொல்லலாம். இரும்பு இந்த வகையில் உதவாது. இரும்பு-57 இயற்கையில் சுமார் 2 விழுக்காடுதான். மாணவருடைய சேர்மத்தில் டங்ஸ்டன் பக்கத்துச் சாட்சியம் மட்டுமே எளிதில் கிடைக்கும்.

பாலக் கார்பீன்களில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கவி குழு செய்த ரோடியம்–ஆஸ்மியம் ஆய்வு. இரண்டு உலோகங்களையும் டைஃபாஸ்ஃபீன் ஈனிகள் (உலோகத்தைப் பற்றும் மூலக்கூறுகள்) அருகருகே கட்டிவைத்திருக்கின்றன. பிரிந்து ஓட முடியாது. நேர்மின் சுமை கொண்ட இந்தச் சேர்மத்தோடு, மெத்திலீனைத் தரும் டயசோமீத்தேனைச் சேர்த்தார்கள். −78 டிகிரி செல்சியஸில் ஒரே ஒரு மெத்திலீன் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே பாலமாக அமர்ந்தது. வெப்பநிலையை உயர்த்திச் செய்தபோது மெத்திலீன்கள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கின. நான்கு வரை சேர்ந்தன. எந்த வெப்பநிலையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து, நான்கு கார்பன் தொடராகவோ, மூன்று கார்பன் அல்லைலும் ஒரு மெத்திலுமாகவோ அவை முடிந்தன. கார்பன் சங்கிலி நீள்வதை ஒவ்வொரு படியாக நிறுத்திப் பார்க்க முடிந்தது என்பதே இதன் அருமை.

ஏன் இந்த இணை வேலை செய்கிறது? மூன்றாம் வரிசை உலோகமான ஆஸ்மியம் கார்பனோடு வலுவான பிணைப்பை அமைத்துக்கொள்ளும். வந்த கார்பனை விடாது. ரோடியம் எளிதில் காலி இடம் தரும். அடுத்த டயசோமீத்தேன் மூலக்கூறு அங்கே நுழையலாம். ஒன்று பிடிக்கிறது, மற்றது வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. புதிய மெத்திலீன், ரோடியத்துக்கும் பாலக் கார்பனுக்கும் இடையே செருகப்படுகிறது என்பது முன்மொழியப்பட்ட வழி. இதில் இடைநிலைப் பொருள்கள் பிரித்தெடுக்கப்பட்டது நிச்சயம். செருகல் எந்த முனையில் நடக்கிறது என்பது ஊகம், நல்ல ஊகம். 1980-இல் பெட்டிட்டும் பிரேடியும் டயசோமீத்தேனை உலோகப் பரப்புகளின் மேல் செலுத்தி, மெத்திலீன்கள் சேர்ந்து சங்கிலியாவதைக் காட்டியதோடு இதை இணைத்துப் பேசுவார்கள். தொடர்பு இருக்கலாம். ஆனால் பரப்பில் அணுக்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன, இங்கே இரண்டுதான்.

நான்காவது நிலைமையில், இரு உலோகச் சேர்மம் கையில் கிடைக்கும் பொருளே அல்ல, வழியில் தோன்றி மறையும் நிலை. ஃபிஷரும் பெக்கும் 1970-இல், மாலிப்டினத்தில் இருந்த கார்பீனை இரும்பு பென்டாகார்பனைல் முன்னிலையில் ஒளியூட்டியபோது, கார்பீன் இரும்புக்கு மாறியதைக் கண்டார்கள். பிற்காலத்தில் டங்ஸ்டனிலிருந்து தங்கத்துக்கும், குரோமியத்திலிருந்து பல்லேடியத்துக்கும் செம்புக்கும் கார்பீன்கள் மாற்றப்பட்டன. 2001-இல் ஸ்பெயினின் பார்லுவெங்கா குழு, குரோமியத்திடமிருந்து செம்புக்கு மாறிய கார்பீனைப் படிகமாகவே பிரித்தெடுத்தது. மிகக் குறைந்த பல்லேடியம் இருந்தாலும் குரோமியக் கார்பீன்கள் இணைந்து ஆல்கீன்களாகிவிடும் என்பதைச் சியெர்ரா குழுவின் வேலைகள் தெளிவாக்கின. ஆய்வகத்தில் இதன் பொருள் மிகவும் நடைமுறை சார்ந்தது: பல்லேடியத்தையும் ஃபிஷர் கார்பீனையும் ஒரே குடுவையில் வைத்து நிலையான இரு உலோகச் சேர்மம் செய்ய நினைத்தால், எதிர்பாராத ஆல்கீன் ஒன்று அடியில் காத்திருக்கலாம். மாறும் கணத்தில் கார்பீன் இரண்டு உலோகங்களுக்கும் பாலமாக நிற்கிறது என்று எல்லோரும் வரைகிறோம். ஸ்டோனின் பிளாட்டினம் சேர்மங்கள் அதற்கு நல்ல துணைச் சான்று. ஆனால் வினையூக்கச் சுழற்சிக்குள்ளேயே அதை நேரில் பிடித்த நிகழ்வுகள் அரிது.

நைட்ரஜன் வளையக் கார்பீன்கள் தனிக் கதை, அதை நீட்டப்போவதில்லை. அங்கே கார்பீன் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் ஈனி. வினை நடப்பது உலோகங்களில். ஸ்பெயினில் பெரிஸ் குழு ஒரே டிரையசோல் வளையத்தின் இருபுறமும் இரிடியத்தையும் பல்லேடியத்தையும் கட்டி, பல்லேடியம் ஹாலஜனை நீக்க, இரிடியம் கீட்டோனின் கார்பனைலை ஒடுக்க, ஒரே குடுவையில் தொடர் வினைகள் செய்தது. 2013-இல் மன்காட் குழு, கார்பீன் தாங்கிய செம்பை இரும்போடு நேரடியாகப் பிணைத்து, ஒளியின் உதவியால் அரீன்களில் போரான் ஏற்றியது. முன்னதில் உலோகங்கள் அடுத்தடுத்து முறைவைத்து வேலை செய்கின்றன. பின்னதில் ஒரே படியில் சேர்ந்து வேலை செய்கின்றன. ‘கூட்டுச் செயல்’ என்ற பெயர் பின்னதற்குத்தான் பொருந்தும் என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

இனி மாணவரின் இரும்பு–டங்ஸ்டன் சேர்மத்துக்கு வருகிறேன். அது ஃபெரோசீனைல் வகை என்றால், அதோடு கூடவே ஃபீனைல் வைத்த டங்ஸ்டன் கார்பீனையும் செய்துகொள்ளுங்கள். ஒரே அமீன், ஒரே கரைப்பான், ஒரே வெப்பநிலையில் இரண்டின் வேகத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் எலக்ட்ரான் வழங்கலால் வருகிறதா, பருமனால் வருகிறதா என்று பிரிக்க, உலோகமற்ற ஒரு வலுவான வழங்கித் தொகுதி வைத்த மூன்றாவது சேர்மமும் வேண்டும். அதுவும் ஃபெரோசீனைல் போலவே நடந்துகொண்டால், இரும்பு அங்கே ஒரு பதிலிதான் என்று எழுதிவிடலாம். ஃபெரோசீனை ஆக்சிஜனேற்றி வினையின் வேகத்தை மாற்ற முடிகிறதா என்று பார்ப்பது அதற்கடுத்த கேள்வி. இரும்பு உண்மையில் அங்கே இருந்தால்தான் அந்தச் சோதனை பலிக்கும், சாதாரணப் பதிலிகளால் அதைச் செய்ய முடியாது. அந்தச் சேர்மத்தை எடுத்துக்கொள்ள நியாயமான காரணம் எதுவென்று கேட்டால், எனக்கு அதுதான் தோன்றுகிறது.

ஒருவேளை உங்கள் சேர்மத்தில் இரும்புக்கும் டங்ஸ்டனுக்கும் நேரடிப் பிணைப்பும் பாலக் கார்பீனும் இருந்தால், வேகம் அளப்பதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கரைசலில் அது ஒன்றாகவே இருக்கிறதா, உடைந்து மீண்டும் சேர்கிறதா? கார்பீனில் மெத்தாக்சி உள்ள சேர்மம் ஒன்று. கார்பீனில் எத்தாக்சியும், இரும்பின் சைக்ளோபென்டாடையீனைல் வளையத்தில் ஒரு மெத்திலும் உள்ளது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கரைத்து, வினை நடக்கும் வெப்பநிலையிலேயே வைத்துப் பாருங்கள். மெத்தாக்சிக் கார்பீன் மெத்தில் வளைய இரும்போடும், எத்தாக்சிக் கார்பீன் சாதாரண வளைய இரும்போடும் சேர்ந்த கலப்புச் சேர்மங்கள் புரோட்டான் நிறமாலையில் தெரிந்தால், நீங்கள் அளக்கப்போகும் வேகம் இரு உலோகச் சேர்மத்துடையதாக இல்லாமல், பிரிந்துபோன ஏதோ ஒரு பாதியுடையதாகவே இருக்கக்கூடும்.